கடைசியில் நியூட்ரல்: காளை ஜெயித்த ஸ்ப்ளெண்டர்

கியர் லிவரைக் குதிகாலால் அழுத்திக்கொண்டே வந்தால் கடைசியில் நியூட்ரலில் வந்து நிற்கும். அதற்கு மேல் எத்தனை முறை அழுத்தினாலும் எதுவும் மாறாது. மீட்டரில் பச்சை விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டாம், கிளட்ச்சைப் பிடித்தபடி முன்னும் பின்னும் தட்டித் தடவ வேண்டாம். தைப் பொங்கலுக்குப் பிறகு ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அந்த வண்டியைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். மைலேஜ் பற்றி ஊருக்கே தெரியும். இந்தக் கியர் வரிசையின் அருமையை யாரும் உட்கார்ந்து பேசி நான் கேட்டதில்லை.

வண்டியை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. மேலூர்ப் பக்கம் சித்தி வளர்க்கும் புலிக்குளம் காளை ஜெயித்துக் கொடுத்தது. பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர் என்று பேர்பெற்ற வாடிவாசல்களில் காரும் டிராக்டரும் பரிசாகப் போகும். சித்தியின் காளை இறங்கியது அவ்வளவு பெரிய களம் இல்லை. பிடிபடாமல் வந்தால் ஒரு பீரோவோ கட்டிலோ கிடைக்கும் என்பதுதான் வீட்டில் எல்லோருடைய கணக்கும். காளை வாடியைத் தாண்டியதும் ஓடிவிடாமல் நின்று விளையாடியது. திமிலில் விழுந்த கைகளையெல்லாம் உதறியது. சாயங்காலம் சிறந்த காளை என்று மைக்கில் பெயர் வாசித்து, சித்தி கையில் ஒரு பைக் சாவியைக் கொடுத்தார்கள்.

அன்று ராத்திரியே வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது. "வித்துருவோம், கொட்டகைக்குத் தகரம் மாத்தணும்" என்றார் சித்தப்பா. "மாடு சம்பாதிச்சது. வந்த வருசமே விக்கிறதா?" என்றார் சித்தி. கல்லூரியில் படிக்கும் தங்கச்சி வாயைத் திறக்கவில்லை, ஆனால் வண்டியை விட்டு நகரவும் இல்லை. கொடுத்துவிட்டு ஒரு எக்ஸ்.எல். வாங்கலாம், அதுதான் மாட்டுக்காரர்களுக்குத் தோது என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். கடைசியில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீதான வண்டி வண்டியா ஓட்டி எழுதுற. ஓட்டிப் பாத்துட்டு ஒரு முடிவு சொல்லு தம்பி" என்றார் சித்தி. பதிவெண் வந்ததும் சாவி என்னிடம் வந்தது.

97.2 சிசி, நான்கு கியர், 112 கிலோ, இரண்டு பக்கமும் டிரம் பிரேக். இதற்கு மேல் இந்த வண்டியை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1984-இல் ஹீரோவும் ஹோண்டாவும் கைகோத்து, 1985-இல் சிடி 100-ஐக் கொண்டுவந்தன. 1994-இல் ஸ்ப்ளெண்டர் வந்தது. 2010-இல் பிரிவதாக அறிவித்து, 2011-இல் ஹீரோ மோட்டோகார்ப் என்று பெயரும் மாறிவிட்டது. எங்கள் ஊர் மெக்கானிக்குகளுக்கு மட்டும் அது இன்னும் "ஹீரோ ஹோண்டா"தான். எனக்கும் அப்படித்தான் வாயில் வருகிறது. அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வண்டி மேல் ஒரு பற்று உண்டு. அதை மறைத்துக்கொண்டு எழுத நான் விரும்பவில்லை.

இந்த இன்ஜினின் பூர்வீகம் ஹோண்டாவின் கப் குடும்பம். 1958-இல் ஜப்பானில் வந்த சூப்பர் கப், ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போகும் கடைப் பையனும் ஓட்டும்படி இருக்க வேண்டும் என்று நினைத்து வடிவமைக்கப்பட்டது. அதில் கிளட்ச் பிடியே கிடையாது, கியர் முழுக்கக் காலின் வேலை. ஸ்ப்ளெண்டரில் கிளட்ச் பிடி உண்டு. ஆனால் படுக்கைவாட்டில் கிடக்கும் அந்தச் சின்ன சிலிண்டரும் கியர் போடும் வரிசையும் அந்தக் குடும்பத்தின் சொத்து. நியூட்ரலில் இருந்து முன்காலால் அழுத்தினால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. குதிகாலால் அழுத்தினால் அதே வழியில் திரும்பி நியூட்ரல். நான்கு கியரும் முன்னால்தான்.

இன்று ஐந்து கியர் பைக்குகளில் வழக்கமாக இருப்பது வேறு முறை. ஒன்று கீழே, மற்றவை மேலே, நியூட்ரல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே. கியர்பெட்டிக்குள் உருளை ஒன்று பள்ளம் பள்ளமாகச் சுழன்று ஒவ்வொரு கியரையும் பிடித்து நிறுத்துகிறது. நடுவில் இருக்கும் நியூட்ரலுக்கு அந்த உருளையில் ஆழம் குறைந்த ஓர் அரைப் பள்ளம்தான் இடம். கால் கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் தாண்டிவிடும், கொஞ்சம் குறைந்தால் போய்ச் சேராது. அதனால்தான் சிக்னலில் அத்தனை பேர் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே தட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஸ்ப்ளெண்டரின் வரிசையில் நியூட்ரல் முனையில் இருக்கிறது. மாடியிலிருந்து இறங்குகிறவர் தரையைத் தேடுவதில்லை, படி தீர்ந்த இடம்தான் தரை.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள், கால் ஒத்துழைக்காத நேரங்களில் வண்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். வயலில் இருந்து ஏறி வரும்போது செருப்பு முழுக்கச் சேறு. வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறோம். முன்னால் பெட்ரோல் டேங்கின் மேல் தவிட்டு மூட்டை, பின்னால் புண்ணாக்கு. முன்னும் பின்னும் மிதிக்கும்படி இருக்கும் லிவரில் கால்விரலை நுழைத்து மேலே தூக்க வேண்டிய வேலையே இல்லை. செருப்பின் மேல்பக்கம் தேயாது, பெருவிரல் வலிக்காது, வெறுங்காலோடு இருந்தாலும் மிதிக்கலாம். கியர் மாற்றுவதற்கென்று தனிக் காலணி வேண்டாத வண்டி இது. நம் ஊர்ப் பாதி ஓட்டிகள் செருப்போடுதான் ஓட்டுகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த லிவரை வடிவமைத்தவர்கள் மேல் மரியாதை வருகிறது.

சித்திக்குக் கிடைத்தது ஐ3எஸ் உள்ள மாடல். நியூட்ரலில் போட்டுக் கிளட்ச்சை விட்டுச் சில நொடிகள் நின்றால் இன்ஜின் தானாக அணைந்துவிடும். கிளட்ச்சைப் பிடித்ததும் மறுபடி எழும். மற்ற வண்டிகளில் இப்படி ஒரு வசதி இருந்தால் முதலில் நியூட்ரலைக் கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா? இதில் குதிகாலால் அழுத்திவிட்டுக் கையைத் தளர்த்தினால் போதும். ரயில்வே கேட்டில் எனக்கு இது பழக்கமாகிவிட்டது. ஆனால் அதன் அருமையை நான் முழுசாக உணர்ந்தது மாட்டுக் கொட்டகைக்கு முன்னால்தான். ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர்களுக்குத் தெரியும், தெரியாத சத்தம் கேட்டால் அதன் காது முதலில் திரும்பும், அப்புறம் கழுத்து திரும்பும். இந்த வண்டி வாசலில் வந்து நின்றதும் அடங்கிவிடுகிறது. சித்தியின் காளை கொஞ்ச நாளிலேயே அதைக் கண்டுகொள்ளாமல் வைக்கோலைத் தின்னப் பழகிக்கொண்டது.

இனி எனக்குப் பிடிக்காதவை.

முதலாவது, இதே கியர் வரிசையின் மறுபக்கம். நியூட்ரல் முனையில் இருப்பது நிற்கும்போது வரம். இறக்கத்தில் அதுவே ஆபத்து ஆகலாம். சிறுமலை போன்ற மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுக்கு முன் குதிகாலால் படபடவென்று தட்டினால், ஒன்றாம் கியரைத் தாண்டி வண்டி நியூட்ரலுக்குப் போய்விடும். அந்த நிமிஷத்தில் இன்ஜின் பிடித்து இழுக்கும் பிடிப்பு முழுக்கப் போய், பாரம் மொத்தமும் பிரேக் மேல் விழும். 130 மி.மீ. டிரம் பிரேக் ஊருக்குள் போதும். இரண்டு பேரும் ஒரு மூட்டையுமாக மலை இறங்கும்போது அதை மட்டும் நம்பக்கூடாது. 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு 2019 முதல் கட்டாயமான கூட்டு பிரேக் இதில் உண்டு. பின் பிரேக்கை மிதித்தால் முன் சக்கரத்திலும் கொஞ்சம் பிடிக்கும். அது உதவிதான், ஆனால் கியரின் பிடிப்புக்கு அது ஈடாகாது. இறக்கத்தில் இரண்டாவதில் போட்டுவிட்டுக் குதிகாலை லிவரிலிருந்து எடுத்துவிடுங்கள். வண்டி கற்றுத் தருகிறவர்கள் இதைத்தான் முதலில் சொல்லித் தர வேண்டும்.

இரண்டாவது, ஓட்டிகளின் பழக்கம். நியூட்ரல் இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதால், சிக்னலுக்கு வெகு தூரம் முன்பே நியூட்ரலில் தள்ளி உருட்டிக்கொண்டு போகிறவர்கள் அதிகம். பெட்ரோல் மிச்சம் என்பார்கள். கார்புரேட்டர் காலத்தோடு முடிந்துபோன கணக்கு அது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு இதிலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன்தான். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்க விட்டால், பொதுவாக இன்ஜெக்ஷன் இன்ஜின்கள் பெட்ரோலை நிறுத்திவிட்டு, உருளும் சக்கரத்தின் வேகத்திலேயே சுற்றும். நியூட்ரலில் உருட்டினால் இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்கப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். பாதுகாப்பும் போகிறது, மிச்சமும் இல்லை.

மூன்றாவது, ஒரே வீட்டில் இரண்டு விதக் கியர். பல்சரோ அப்பாச்சியோ ஓட்டிப் பழகிய கால், அவசரத்தில் கியரைக் குறைக்க முன்னால் அழுத்தும். ஸ்ப்ளெண்டரில் அப்படி அழுத்தினால் கியர் ஏறும். நான்காவதில் இருந்தால் ஒன்றுமே நடக்காது. மூளைக்குத் தெரிந்தாலும் கால் தன் பழக்கப்படிதான் போகும். வேலைக்காக வண்டி மாற்றி மாற்றி ஓட்டும் நான் ஒவ்வொரு முறை இதில் ஏறும்போதும் கொஞ்ச தூரம் காலைக் கவனித்தே ஓட்டுகிறேன். ஏற்கெனவே ஐந்து கியர் பைக் இருக்கும் வீட்டில் இந்த வண்டி பரிசாக வந்தால், இரண்டையும் ஒரே ஆள் ஓட்டப் போகிறாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆம் என்றால் இரண்டில் ஒன்றை விற்பதே மேல்.

பகலில் எரியும் முகப்பு விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடும்வரை விளக்கு எரியும், அணைக்கச் சுவிட்சே இல்லை. இருந்தும் எதிரே வருகிறவர்கள் இன்றும் கை விரலை விரித்து மூடி "லைட் எரியுது" என்று காட்டிவிட்டுப் போகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவருக்கு நல்லது செய்ய நினைக்கும் அந்தக் கைக்கு, ஒவ்வொரு முறையும் தலையசைத்து நன்றி சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

இப்போது வீட்டுக் கேள்விக்கு வருவோம்.

விற்பது. பரிசாக வந்த வண்டியை விற்க நினைப்பவர்கள், பில் யார் பெயரில் என்பதை மேடையிலிருந்து இறங்கியதுமே பார்க்க வேண்டும். ஷோரூம் கொடுக்கும் படிவம் 21 யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் பதிவாகும். நன்கொடையாளர் பெயரில் ஏற்கெனவே பதிவாகிவிட்டால், படிவம் 29, 30-இல் அவர் கையெழுத்து போட்டுத் தந்தால்தான் ஜெயித்தவர் பெயருக்கு மாறும். சாவியை வாங்கும் அன்றே அந்தக் கையெழுத்தையும் கேட்டு வாங்கிவிட வேண்டும். சித்திக்குப் பில்லே அவர் பெயரில் வந்தது நல்லதாகப் போயிற்று. அடுத்தது விலை. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் ஏறியதுமே, மீட்டர் ஓடாவிட்டாலும் வண்டி செகண்ட் ஹேண்ட் ஆகிவிடுகிறது. போதாததற்கு 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. புது வண்டியே விலை இறங்கிக் கிடைக்கும்போது, ஏறக்குறைய புதிதாக இருக்கும் வண்டிக்கு யாரும் அதிகம் தரமாட்டார்கள்.

ஸ்ப்ளெண்டர் நல்ல விலைக்குப் போகும் என்று சித்தப்பா சொன்னது உண்மைதான். ஆனால் அது இன்று மட்டும் உண்மை இல்லை. மூன்று வருஷம் கழித்தும் வாங்க ஆள் வருவார்கள். எந்த ஊர் முக்கில் இருக்கும் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்ப்பார், எந்தக் கடையிலும் கிளட்ச் பிளேட் கிடைக்கும். பதிவானதும் விழும் விலைதான் பெரிய அடி, அது ஏற்கெனவே விழுந்துவிட்டது. எப்போது வேண்டுமானாலும் விற்க முடிகிற வண்டியை இன்றே விற்க என்ன அவசரம்? வட்டிக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்தால் விற்கலாம், யாரும் குறை சொல்ல முடியாது. தகரத்துக்காக என்றால் பொறுக்கலாம்.

மாற்றிக்கொள்வது. பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எக்ஸ்.எல். 100-இன் தாழ்ந்த முன்பக்கத்தில் புல்லுக்கட்டை வைக்கலாம், சேலையோடு காலைத் தூக்காமல் ஏறலாம், கியர் என்ற பேச்சே கிடையாது. ஸ்ப்ளெண்டரால் இந்த மூன்றும் முடியாது, முடியும் என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் சித்தியிடம் ஏற்கெனவே ஓர் எக்ஸ்.எல். இருக்கிறது. அது பழசானாலும் நன்றாக ஓடுகிறது. இன்னொன்று வந்தால் வீட்டில் இரண்டு புல்லுக்கட்டு வண்டி இருக்கும், மேலூருக்கும் மதுரைக்கும் போய்வர ஒரு வண்டியும் இருக்காது. அதோடு சித்தியின் லைசென்ஸ் கியர் இல்லாத வண்டிக்கு உரியது. அதை வைத்துக்கொண்டு ஸ்ப்ளெண்டரை ஓட்டுவது சட்டப்படி செல்லாது. ஆகவே இந்த வண்டியை அவர் பெயரில் வைத்துக்கொள்ளலாம், அவர் ஓட்டுவதற்காக வைத்துக்கொள்ள முடியாது.

வைத்துக்கொள்வது. யார் ஓட்டுவது என்ற கேள்விக்குப் பதில் வீட்டிலேயே இருந்தது. தங்கச்சிக்குப் பதினெட்டு முடிந்து எல்.எல்.ஆர். வந்ததும், கண்மாய்க்கரை மைதானத்தில் வண்டியை அவளிடம் கொடுத்தேன். புதிதாகக் கற்கிறவர்களின் பயம் வேகத்தைப் பற்றியது இல்லை. நிற்கும்போது வண்டி துள்ளி அணைந்துவிடுமோ என்பதுதான் பயம். கியரில் இருக்கிறதா நியூட்ரலில் இருக்கிறதா என்று தெரியாமல் கிளட்ச்சை விடும்போதுதான் அது நடக்கிறது. இந்த வண்டியில் அந்தச் சந்தேகத்துக்கே இடம் இல்லை. "நிறுத்தணும்னா குதிகாலை அழுத்திக்கிட்டே வா. அழுத்தி முடிச்சா நியூட்ரல்" என்று மட்டும் சொன்னேன். சாயங்காலத்துக்குள் எட்டுப் போட ஆரம்பித்துவிட்டாள். "அண்ணே, எல்லா வண்டியும் இப்படித்தானா?" என்று கேட்டாள். இல்லை என்றதும் "அப்ப இதையே வச்சுக்கிறேன்" என்றாள். அவளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டிய பழைய பழக்கம் எதுவும் கிடையாது, வீட்டில் வேறு கியர் வண்டியும் இல்லை. ஆகவே நான் சொன்ன மூன்றாவது குறை இந்த வீட்டைத் தொடாது. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழிந்ததும் தேர்வுக்குப் போகலாம்.

பரிசாக வந்ததாலேயே ஒரு வண்டியைத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. சும்மா வந்ததுதானே என்று தள்ளிவிடவும் கூடாது. பணம் எண்ணிக் கொடுத்து வாங்கும்போது என்ன கேட்போமோ அதையே இதனிடமும் கேட்க வேண்டும். யார் ஓட்டப் போகிறார்? அவர் கால் எதற்குப் பழகியிருக்கிறது? எந்தச் சாலையில், எவ்வளவு பாரத்தோடு? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத வீட்டில் சிறந்த வண்டியும் மூலையில் நின்று பேட்டரி இறங்கிப்போகும்.

சித்தி வீட்டில் பதில் இருக்கிறது. தகரத்துக்கு அறுவடைப் பணம் வரட்டும் என்று சித்தப்பாவும் ஒத்துக்கொண்டார். ஆர்.சி. சித்தி பெயரில் இருக்கட்டும், எக்ஸ்.எல். புல்லுக்கட்டு சுமக்கட்டும். லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஸ்ப்ளெண்டரைத் தங்கச்சி ஓட்டட்டும், பருத்திக்கொட்டை வாங்க மேலூர் போவதும் கல்லூரிக்குப் போவதும் அவள் பொறுப்பு. மலைப்பக்கம் மட்டும், இறக்கத்தில் குதிகாலை அடக்கக் கற்றுக்கொள்ளும்வரை, நான் பின்னால் உட்காராமல் அவள் போகக்கூடாது. விற்காதீர்கள் என்பதே என் தீர்ப்பு.